குடைந்த பாறையும் கூடி எழுதும் களஞ்சியமும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருந்தெரு, மாவனல்லையைக் கடந்ததும் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்குகின்றது. அவ்வேற்றத்தின் தலைவாயில்போல் அமைந்த ஊரே கடுகண்ணாவை. ஏறுவழியின் ஓரத்திலே பெரும்பாறையொன்று உளது. அதனைக் குடைந்து வழி செய்திருக்கின்றனர். முன்னாளில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் அத்துளையினூடே சென்றன. இன்றைய தெரு அதற்கு அருகாக விலகிச் செல்ல, துளை நினைவுச் சின்னமாய் எஞ்சி நிற்கின்றது. அவ்விடத்தில் வாகனத்தை நிறுத்திப் பார்க்கும் பயணிகள் பலர். பார்ப்போர்க்கெல்லாம் ஒரு கதையும் கிடைக்கும்.

கதை இது: மலையைக் குடைந்து வழிசெய்ய வல்ல அந்நியர் எவரோ, அவர்க்கே கண்டி இராச்சியம் வசமாகும் என்று பண்டைநாளில் ஒரு வாக்கு இருந்ததாம். போர்த்துக்கேயர் வந்து மீண்டனர். ஒல்லாந்தர் வந்து மீண்டனர். ஆங்கிலேயர் பாறையைக் குடைந்தனர். கண்டியும் அவர் கைப்பட்டது. கேட்பதற்கு இனிய கதை. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பவர் சற்றுத் திகைப்பர். கண்டி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள். கண்டித் தெருவோ, எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் ஆங்கிலத் தேசாதிபதியின் முயற்சியால் 1820ஆம் ஆண்டையடுத்து அமைக்கப்பட்டது. நாட்டைப் பிடித்த பின்னரே பாறையைக் குடைந்தனர் என்பது வெளிப்படை. கதை, பின்னதை முன்னதாக்கி வைத்துவிட்டது.

எவரோ ஒருவர் பிறரை ஏமாற்றும் எண்ணத்துடன் இதனைக் கட்டிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லசையிலும் மூண்ட கிளர்ச்சியை நினைத்துப் பார்ப்பவர், தெரு திறந்த பின்னரே ஆங்கில ஆட்சி மலைநாட்டில் வேரூன்றிற்று என்று வாதாடவும் கூடும். அவ்வாறு கொண்டால் கதைக்குள்ளும் ஓர் உண்மை இருக்கின்றது. வழிப்போக்கர்க்கு உரைக்கும் கதையாக அது வழங்கும்வரை தீங்கு யாதுமில்லை. அதே கதை ஒரு கலைக்களஞ்சியத்தில் ஏறி, ஆண்டு அணிந்து, அடிக்குறிப்புப் பூண்டு நிற்குமாயின், அப்பொழுது வழக்கு வேறாகின்றது. படிப்பவர் அதனைக் கதையென்று கொள்ளார், வரலாறென்றே கொள்வர்.

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் அபிதான கோசத்தை வெளியிட்டார். சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1968 வரையில் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்திற்று. இவற்றிலெல்லாம் பிழை நேர்ந்தால், அதற்கு விடை கூற ஒரு பெயர் அட்டையின்மேல் இருந்தது.

இணையத்தில் எழுந்துள்ள விக்கிப்பீடியா அத்தகையதன்று. 2001ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலத்திலும், 2003ஆம் ஆண்டில் தமிழிலும் அது தோன்றியது. தமிழில் அதனை முதல் ஆண்டுகளில் தனியொருவராய்ப் பெரும்பாலும் தாங்கி வளர்த்தவர் ஈழத்தவரான இ. மயூரநாதன் என்பதை இந்நாட்டுத் தமிழர் பெருமையுடன் நினைவுகொள்ளலாம். அதில் எழுதுவோர்க்குப் பட்டம் வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை, தம் உண்மைப் பெயரைத் தெரிவிக்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். அத்திருத்தத்தை மூன்றாமவர் அழிக்கலாம். இவ்வாறு எவரும் எழுதக்கூடிய நூலை எங்ஙனம் நம்புவது என்னும் வினா எழுதலியல்பு.

அதற்கு அவர்கள் வகுத்துள்ள விடை நுட்பமானது. எழுதுபவர் யாரென்று கேளாதீர். எழுதியதற்கு ஆதாரம் யாதென்று கேளுங்கள் என்பதே அவ்விடை. முன்னரே அச்சிலோ பிறவாறோ வெளியாகி, பொறுப்புள்ள ஒரு பதிப்பகத்தாலோ பத்திரிகையாலோ கல்விக் கழகத்தாலோ சரிபார்க்கப்பட்ட செய்தியே ஏற்கப்படும். மேலும், ஒவ்வொரு மாற்றமும் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் புனைபெயரால் செய்யப்பட்டது என்பது பக்கத்தின் வரலாற்றில் பதிவாகி நிற்கின்றது. அச்சு நூலில் இல்லாத வசதி இது. 2005ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், அறிவியல் சார்ந்த 42 கட்டுரைகளை வல்லுநரிடம் கொடுத்து ஒப்புநோக்கியபோது, விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு பிழைகளும் புகழ்பெற்ற பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் ஏறத்தாழ மூன்று பிழைகளும் காணப்பட்டன. பிரித்தானியக் களஞ்சியத்தார் அம்முடிவை மறுத்தனர். எவ்வாறாயினும், பலர் கூடி எழுதியது எள்ளி நகையாடத்தக்கதன்று என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

தவறிப் பிழை செய்வோரை இம்முறை எளிதில் திருத்திவிடுகின்றது. தெரிந்தே பொய் எழுதுவோரிடத்திலேதான் இது தடுமாறுகின்றது. ஏனெனில், ஆதாரம் கேட்பர் என்பதை அறிந்தவன் ஆதாரத்தையும் சேர்த்தே புனைந்துவிடுகின்றான்.

அண்டை நாடாகிய இந்தியாவிலே இதற்குச் சிறந்ததொரு சான்று உண்டு. கோவாவின் வடபகுதியில் பிச்சோலிம் என்றோர் ஊர். 2007ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிம் போர்' என்ற பெயரில் நீண்டதொரு கட்டுரை எழுந்தது. 1640, 1641ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கேயருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் இடையே மூண்ட போர் என்றும், அதன் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கை என்றும் அது விரித்துரைத்தது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் அடிக்குறிப்பிலே இருந்தன. கட்டுரையின் கட்டமைப்பைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அதே ஆண்டில் அதற்கு 'நல்ல கட்டுரை' என்னும் தகுதியையும் அளித்தனர். ஐந்தாண்டுகள் அது அத்தகுதியுடன் விளங்கிற்று. 2012ஆம் ஆண்டின் இறுதியில், பங்களிப்பாளர் ஒருவர் அடிக்குறிப்பில் கண்ட நூல்களைத் தேடிப் புறப்பட்டார். அவர் நாடிய முதன்மையான நூல்கள் உலகில் இல்லை. போரும் இல்லை. எல்லாம் ஒருவருடைய கற்பனை.

இங்கே எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. சிவாசி பிறந்ததே 1630ஆம் ஆண்டில். அவர் முடிசூடியது 1674இல். 1640ஆம் ஆண்டில் மராட்டியப் பேரரசு ஏது? கடுகண்ணாவைப் பாறைக் கதையில் இடறியதுபோன்ற அதே ஆண்டுக் கணக்கு இங்கும் இடறுகின்றது. பாடசாலைச் சரித்திரம் படித்த மாணவர் ஒருவர் கண்டுபிடித்திருக்கக்கூடிய பொய், ஐந்தாண்டு வாழ்ந்தது. காரணம் யாது? அடிக்குறிப்பு இருந்தது, ஆகவே எவரோ சரிபார்த்திருப்பர் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். ஊர்க்கிணற்றின் வாளி அறுந்து கிடக்க, அடுத்த வீட்டார் கட்டுவார் என்று எல்லாரும் பார்த்திருந்ததுபோல.

சீன மொழி விக்கிப்பீடியாவில் இதனினும் பெரிய புனைவு 2022ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இடைக்கால உருசிய வரலாறு பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒருவரே பத்தாண்டுக்கும் மேலாகக் கற்பனையில் வளர்த்திருந்தார். அவர் காட்டிய ஆதாரங்களிற் பல உருசிய மொழி நூல்கள். சீனர் எத்தனைபேர் உருசிய நூலைத் தேடிப் படிப்பர்? நாவலாசிரியர் ஒருவர் தம் கதைக்குப் பொருள் தேடுகையில் ஒரு வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிய செய்தியில் ஐயுற்று, உருசியம் அறிந்தவர்களை வினவியபோதுதான் மாளிகை முழுவதும் சரிந்தது. படிப்போர்க்கு எட்டாத மொழியிலே ஆதாரம் இருக்குமாயின் பொய்க்கு அது நல்ல ஒளிப்பிடம் என்பது இதனால் விளங்கும். தமிழில் எழுதுவோர் ஆங்கில நூல்களையும், மலைநாட்டைப் பற்றியாயின் சிங்கள நூல்களையும் ஆதாரம் காட்டவேண்டியிருத்தலின், இஃது அயலார் கதையன்று.

பொய்க்கு வேறொரு வழியும் உண்டு. அதனை வட்டவழி எனலாம். 2009ஆம் ஆண்டு மார்ச்சில் மோரிசு சார் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் காலமானார். அயர்லாந்து மாணவர் ஒருவர், அவர் கூறாத அழகிய வாசகமொன்றைத் தாமே புனைந்து விக்கிப்பீடியாவில் அவர் பெயரால் இட்டார். பத்திரிகையாளர் எத்துணை விழிப்புடையர் என்று சோதிப்பதே அவர் நோக்கம். ஆதாரமற்ற அவ்வாசகத்தைப் பங்களிப்பாளர்கள் விரைவில் நீக்கினர். அதற்குள் இலண்டனின் பெரும் பத்திரிகை உட்படப் பல நாட்டு ஏடுகள் அதனை இரங்கற் குறிப்பிலே அச்சிட்டுவிட்டன. மாணவர் தாமே முன்வந்து உரைத்திராவிடின், அப்பத்திரிகைகளே பின்னர் அவ்வாசகத்துக்கு ஆதாரமாகியிருக்கும். களஞ்சியத்தைப் பார்த்துப் பத்திரிகை எழுத, பத்திரிகையைக் காட்டிக் களஞ்சியம் எழுத, ஒன்றையொன்று தாங்கி இரண்டும் நிற்கும். இரண்டு சாட்சி இருப்பதாய்த் தோன்றும். உண்மையில் ஒரு சாட்சியும் இராது. அண்மைக்காலத்தில், கேட்ட வினாவுக்கு விடை எழுதித் தரும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. அவையும் விக்கிப்பீடியாவைப் படித்தே பயின்றவை. அங்கே புகுந்த பொய் இங்கே வேறு சொற்களில், அடிக்குறிப்பும் இன்றி வெளிவருதல் கூடும். வட்டம் இன்னும் அகன்றிருக்கின்றது.

இனி, புனைந்த ஆதாரத்தை விட்டு, ஒரு பக்கம் சாய்ந்த ஆதாரத்திற்கு வருவோம். இலங்கையரே இதனை நன்கறிவர். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 2006ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைப் பக்கங்கள் ஒரு சிறு போர்க்களமாகவே இருந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை மீண்டும் எழுதுவதும் நாள்தோறும் நிகழ்ந்தன. அந்நிலையில் பங்களிப்பாளர் சிலர் 'இலங்கை நல்லிணக்கத் திட்டம்' என்ற பெயரில் ஒருங்குகூடினர். இவர்களுள் இரு தரப்பினரும் இருந்தனர். எத்தரப்பும் சாராத அயல்நாட்டாரும் இருந்தனர். எந்தச் செய்தித் தளத்தை எவ்வாறு எடுத்தாள்வது என்று ஒவ்வொன்றாக வாதிட்டு ஒரு பட்டியல் வகுத்தனர். சில தளங்கள் அப்படியே ஏற்கத்தக்கவை. சில அறவே தள்ளத்தக்கவை. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாம் வகையொன்றை அவர்கள் அமைத்ததுதான் சிறப்பு. அரசாங்கத் தரப்பாயினும் போராளித் தரப்பாயினும், ஒரு பக்கம் சார்ந்த தளத்தின் செய்தியை எடுத்தாளலாம். ஆனால் 'இவ்வாறு நிகழ்ந்தது' என்று எழுதலாகாது, 'இன்னார் தரப்பினர் இவ்வாறு கூறுகின்றனர்' என்றே எழுதவேண்டும்.

எளிய ஏற்பாடுதான். ஆயினும் வெடியோசை கேட்கும் நாட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவர்கள், ஒரு வாக்கியத்தின் எழுவாய் எதுவென்பதில் இணங்கினர். பிணக்கெல்லாம் தீர்ந்துவிட்டன என்று கூறமுடியாது. தள்ளப்படவேண்டிய செய்தி உரியவர் பெயருடன் வெளிப்படையாக நின்றது. படிப்பவர் தாமே நிறுத்துப் பார்க்க இடம் கிடைத்தது. இதற்கு மறுதலையும் உலகில் நிகழ்ந்திருக்கின்றது. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் பல்லாண்டுகளாக ஒருசார் கருத்தினர் சிலரே மேலாளர்களாய் அமர்ந்து, மறுத்தவர்களை வெளியேற்றி, இரண்டாம் உலகப்போர்க்கால வரலாற்றைத் தம் விருப்பம்போல் வளைத்திருந்தனர் என்று விக்கிமீடியா நிறுவனம் வெளியிட்ட ஆய்வு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. சிறிய மொழிக் களஞ்சியங்களில் காவலர் சிலரே. காவலரே ஒருபக்கம் சாய்ந்தால் கேட்பார் இல்லை.

மீண்டும் கடுகண்ணாவைக்கு வருவோம். அங்கே பாறையேயன்றி உயர்ந்த கோபுரமொன்றும் உண்டு. கண்டித் தெருவைத் திட்டமிட்டு அமைத்த பொறியியலாளர் கப்பித்தான் டோசன் நினைவாக, நண்பர்கள் பணம் திரட்டி 1832ஆம் ஆண்டில் எழுப்பியது அது. அவர் 1829ஆம் ஆண்டில் இறந்தார் என்பதும், தெருவை வகுத்து முடித்தது அவரது திறமையே என்பதும் அதிற் பொறித்திருக்கின்றன. காலத்தால் நிகழ்ச்சிக்கு மிக அணித்தான சான்று, கல்லிலே எழுதியது, எவரும் சென்று படிக்கலாம். களஞ்சியத்திற்கு இதனினும் நல்ல ஆதாரம் வேண்டுமோ?

வேண்டும் என்பதே விடை. கல்வெட்டு பொய் சொல்லவில்லை; ஆனால் எல்லாவற்றையும் சொல்லவுமில்லை. மலையை வெட்டிய கைகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ் ஊர் ஊராக அழைத்துவரப்பட்ட சிங்களக் குடியானவர்களே அத்தெருவின் பெரும்பகுதி வேலையைச் செய்தனர். கோல்புறூக்கு ஆணைக்குழுவின் விதப்புரையின்பேரில், கோபுரம் எழுந்த காலத்தை ஒட்டியே அவ்வூழியம் ஒழிக்கப்பட்டது என்பது ஒரு விந்தை. பின்னர்க் கோப்பியும் தேயிலையும் மலைநாட்டை மூடின. புகையிரதம் 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் உழைப்பின்றி இவை எவையும் நிகழ்ந்திரா. அவர்களுக்கும் கோபுரம் இல்லை.

ஆதாரம் எங்கே என்னும் கேள்வி மலையகத் தமிழருக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது இதனையே. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தவர் என்பதற்குச் சான்று காட்டு என்றது சட்டம். லயத்திலே பிறந்து லயத்திலே இறந்தவர்களின் பிறப்பைப் பதிவு செய்தவர் யார்? சொன்னது உண்மையாயிருந்தும், காட்ட ஏடு இன்மையால், பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. ஆகவே 'சான்று இல்லை, நீக்குக' என்று களஞ்சியத்தில் ஒருவர் எழுதும்போது, பொய்யைத் தடுக்கும் அதே வேலி, எழுதப்படாத மெய்யையும் வெளியே நிறுத்துகின்றது என்பதை மறத்தலாகாது. பிச்சோலிமில் நிகழாத போருக்கு அடிக்குறிப்பு இருந்தது. தோட்டத்து மூதாட்டியின் நினைவிலுள்ள நிகழ்ச்சிக்கு அடிக்குறிப்பு இல்லை.

அதன்பொருட்டு வேலியைப் பிடுங்கி எறிவது முறையாகாது. மூதாட்டியின் சொல்லை எவரேனும் கேட்டு எழுதி, நாளும் இடமும் குறித்து நூலாக்கினால், அது வேலிக்குள் வரத்தக்கதாகிவிடும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் சிற்றிதழ்களையும் பத்திரிகைகளையும் ஒளிப்பட நகலெடுத்து எவரும் படிக்குமாறு வைத்துவருகின்றது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான நாட்டில் இப்பணியின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுக்கு முற்பட்ட தோட்டத் தொழிற்சங்க மலர் ஒன்று அங்கே ஏறுமாயின், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவருக்கு அன்றே ஓர் ஆதாரம் கூடுகின்றது. அதனைத் திரித்து எழுதுபவரை மறுப்பதற்கும் அதுவே உதவுகின்றது.

ஆதாரங்கள் முரண்படும்போது அவற்றுள் ஒன்று பொய் என்று உடனே முடிவுகட்டவும் வேண்டா. இலங்கையின் முதற் புகையிரதம் 1864இல் ஓடியது என்று ஒரு நூலும், 1865இல் ஓடியது என்று மற்றொரு நூலும் கூறக் காணலாம். 1864ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி சென்றது; பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது 1865ஆம் ஆண்டு அக்டோபரில். இரண்டு நூலும் மெய்யே கூறின. அம்முதல் ஓட்டத்தின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டியே 2014ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் நாள் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. ஒரு களஞ்சியக்காரர் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதாமல், இரண்டையும் உரிய விளக்கத்துடன் எழுதுவாராயின் அடுத்து வருபவர் மீண்டும் அழிக்கவேண்டிய தேவை எழாது.

ஊர்ப்பெயர்களிலேதான் மிகுந்த கவனம் வேண்டும். சிங்களத்திலே 'கடுவ' என்பது வாள். 'கன்னவா' என்பது எடுத்தல். இவ்வளவு தெரிந்த எவரும் கடுகண்ணாவைக்கு ஓர் அரசனையும் ஒரு வாளையும் படைத்துவிடலாம். அரை நாழிகை போதும். அத்தகைய கதையைக் களஞ்சியத்திற் காண்பவர், அதன் கீழுள்ள நூற்பெயரோடு நிறைவடையாமல், அந்நூலில் அப்பக்கத்தைத் திறந்து பார்ப்பது நன்று. அந்நூல் எப்போது அச்சானது, அதற்கு முன்னுள்ள நூல் எதேனும் அதனைக் கூறுகின்றதா என்றும் பார்க்கலாம். களஞ்சியத்தில் அச்செய்தி புகுந்த நாள் பக்க வரலாற்றில் இருக்கும். நூல் அந்நாளுக்குப் பிற்பட்டதாயின் வட்டவழியோ என்று ஐயுற இடமுண்டு.

கண்டிப் பகுதியிலுள்ள பாடசாலை மாணவர்கள் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. டோசன் கோபுரத்து எழுத்துக்களைத் தெளிவாக ஒளிப்படம் எடுத்து, எடுத்த நாளையும் குறித்து, எவரும் பயன்படுத்தலாம் என்னும் இசைவுடன் அக்களஞ்சியத்தின் படக் கிடங்கில் ஏற்றி வைக்கலாம். நாளை ஒருவர் வேடிக்கைக்காகவோ வேறெதற்காகவோ 1832 என்பதை 1812 என்று மாற்றினால், மதுரையிலோ தொரொன்ரோவிலோ இருந்து அப்பக்கத்தைக் காவல் செய்யும் ஒருவருக்கு அந்த ஒரு படம் போதும். அவர் அதனைத் திறந்து பார்த்துப் பழைய எண்ணை அவ்விடத்திலே திரும்ப வைத்துவிடுவார்.